சாம்பிளை நம்பவா, இன்ஜினை நம்பவா?

லேத் பட்டறைக்காரனுக்கு இரும்பு ஒருநாளும் தலைவலி கொடுக்காது. கொடுப்பதெல்லாம் வருகிறவர்கள் கொண்டுவரும் சாம்பிள்தான். இதே தொழிலில் இதே பாடு படுகிற சகோதரர்களே, படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், நான் என்னதான் செய்திருக்க வேண்டும்?

கேள்வி கேட்காதே

காலடிப்பேட்டையில் என் பட்டறை. நெட்டுக்குப்பத்திலிருந்து அமுலக்கா வந்தார். சொந்தமாக ஒரு பைபர் போட் வைத்திருப்பவர். இன்ஜினுக்கு டீசல் போகும் குழாயை மாட்டுகிற சின்ன ஸ்டீல் நிப்பிளை என் கையில் வைத்தார். அதன் திருகு மரை மழுங்கி டீசல் ஒழுகுகிறதாம். வஞ்சிரம் நன்றாகப் படுகிற நேரம். குப்பத்துப் போட்டெல்லாம் கடலில், இவருடையது மட்டும் கரையில்.

அளந்து பார்த்தேன். இன்ச் மரை, சந்தேகமே இல்லை. இருந்தாலும் என்ன இன்ஜின் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"தோ, கையிலயே சாம்பிள் கீதே, அப்பால இன்னா கேள்வி? இதே மாரி போடு நைனா."

இரட்டைப் பிள்ளைகள்

மறுநாள் காலையில் அக்கா மறுபடி வந்து நின்றார். புது நிப்பிள் ரெண்டு சுற்று ஏறுகிறதாம், அப்புறம் அசையவில்லையாம். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசல் இரட்டைப் பிள்ளைகள். எனக்குத் தலை சுற்றியது. பழசு மட்டும் எப்படி ஏறியது என்று கேட்டால், நூலைச் சுற்றி, வார்னிஷ் தடவி, ஸ்பேனரில் ரெண்டு பேர் தொங்கி ஏற்றினார்களாம்!

அடுத்த லேத்தில் நிற்கும் என் கூட்டாளி காசிம் பாய் டீயை வைத்துவிட்டு வந்தார். அக்காவிடம் இன்ஜின் பேரைக் கேட்டுவிட்டு, அது வெளிநாட்டு இன்ஜின், இன்ச் கணக்கே கிடையாது, எல்லாமே மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிய எம்எம் மரை என்றார். எந்தப் புண்ணியவானோ எப்போதோ அந்தப் பழைய நிப்பிளில் இன்ச் மரை போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"உன் மேல தப்பு இல்ல மாமு, அவன் போட்ட தப்ப நீ அச்சு அசலா போட்டுகீற, அவ்ளோதான்."

ஆடுகிற பல்

எம்எம் மரை போட்டு நானே எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போனேன். ஏறியது. ஆனால் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அமுலக்காவின் வீட்டுக்காரர் எத்திராஜ் அப்போதுதான் மெதுவாகச் சொன்னார். போன தடவை ஒரு மெக்கானிக், மரையைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று நிப்பிள் ஏறும் துளைக்குள் மரை வெட்டுகிற இன்ச் டேப்பை விட்டுத் திருகியிருக்கிறான். இப்போது துளையில் முன்பாதி இன்ச், பின்பாதி எம்எம்.

பக்கத்துப் போட்டிலிருந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை, அந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. கடைசியில் அவரே கேட்டார்.

"அப்ப எங்க இன்ஜினு இன்ச்சா, எம்எம்மா, எதுனா ஒன்னு சொல்லுபா!"

ரெண்டிலும் சேராதது

நிப்பிள் உட்காரும் டீசல் பில்டர் தலையையே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துவந்து, கெட்டுப்போன மரையை முழுதாகக் கடைந்து எடுத்தேன். கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய மரை சைஸுக்குப் போகலாம் என்றால் துளையின் சுவரில் அவ்வளவு கனம் இல்லை. இரும்பு இடம் கொடுத்த அளவுக்கு, இன்ச்சிலும் சேராத எம்எம்மிலும் சேராத ஒரு மரையை உள்ளே வெட்டி, அதற்கேற்ற நிப்பிளையும் போட்டேன். வழுக்கிக்கொண்டு ஏறியது.

இன்ஜின் ஓடியது. விரலால் தடவிப் பார்த்தேன், சொட்டு டீசல் இல்லை. எத்திராஜ் போட்டைக் கடலுக்குள் விட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. அக்கா சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"ஒழுகல, சூப்பரா கீது நைனா. அவசரத்துக்கு இன்னொன்னு வாங்கி வெச்சிக்கறேன், கடைல இன்னா மரைன்னு சொல்லிக் கேக்கறது?"

உலகத்தில் ஒரே ஒரு இன்ஜினுக்கு மட்டும் சேருகிற மரையை வெட்டித் தொலைத்த பாவத்துக்கு, அந்தப் போட் உள்ளவரை அதன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் நான்தான்.