சரக்குக் கப்பலை ஓட்டியவள்

பகலில் மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மிச்ச நேரமெல்லாம் விண்வெளிப் போர் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். எந்த ஊரில் இருப்பவரும் இணையத்தில் சேர்ந்து, இரண்டு அணியாகப் பிரிந்து, கப்பல்களை ஓட்டிச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் கப்பல்களுக்கு இன்ஜின் சத்தம் செய்தேன்.

கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மனைவிக்குத் திருச்சுழிப் பக்கம் ஊர். பருத்தியும் மிளகாயும் போடுகிற குடும்பம். டவுனில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினாள். விளையாட்டைச் சோதித்துப் பார்க்க எதிரில் இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கெஞ்சி உட்கார வைத்தேன். கப்பலை எடுக்கச் சொன்னால் சரக்குக் கப்பலை எடுத்தாள். அது பந்தல்குடி ரோட்டில் லோடு ஏற்றிப் போகும் லாரி மாதிரி மெதுவாகத் திரும்பும். மற்றவர்கள் குறிவைத்துச் சுடுவதற்காகவே நான் செய்த கப்பல் அது. வேறு ஏதாவது எடு என்றேன். இது போதும் என்றுவிட்டாள்.

நான் என் வேகக் கப்பலில் அவளைத் துரத்தினேன். அவள் திடீரென்று இன்ஜினை அணைத்தாள். விண்வெளியில் இன்ஜின் இல்லாவிட்டாலும் கப்பல் அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும்; அந்தக் கணக்கை எழுதியவனே நான்தான். அவள் போகிற போக்கிலேயே மூக்கை என் பக்கம் திருப்பி, பின்னோக்கி நகர்ந்தபடியே என்னைச் சுட்டு வீழ்த்தினாள். நான் அப்படி ஒரு வழியை நினைத்தே பார்த்ததில்லை. நல்லா இருக்கு என்று சொன்னேன். வாயளவில்தான் சொன்னேன்.

விளையாட்டை வெளியிட்ட பிறகு அவள் தினமும் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் ஆடினாள். கோயம்புத்தூர், இலங்கை, மலேசியா என்று எங்கெங்கோ இருந்தவர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் திருப்புகிற அந்த வித்தைக்கு ‘அக்கா திருப்பு’ என்றே பெயராகிவிட்டது. அவள் மைக்கில் பேசும்போது தெருத் தறிச் சத்தமும் சேர்ந்து போகும். அதைக் கேட்ட ஒருவன், அக்கா கப்பலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நல்ல இன்ஜின் சத்தம், எங்களுக்கும் அதையே போடுங்கள் என்று எனக்கு எழுதினான். நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த சத்தத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. எனக்கு வந்ததெல்லாம் புகார்கள்.

அதில் ஒரு புகார் எனக்குப் பிடித்திருந்தது. சரக்குக் கப்பலுக்குப் பலம் அதிகம், குறைக்க வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது, அது திரும்பும் வேகத்தைக் குறைக்கப்போகிறேன் என்று சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “கப்பல்ல குத்தம் இருந்தா மாத்துங்க. நான் செயிக்கிறேன்னு மாத்தாதீக.”

எனக்குச் சுருக்கென்றது. குற்றம் கப்பலில்தான் என்று காட்டிவிடும் வேகத்தில், பதிவாகியிருந்த ஆட்டங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். சரக்குக் கப்பலை எடுத்த மற்றவர்கள் எல்லோரும் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் மட்டும்தான் அது பறந்தது. கப்பலைத் தொடாமல் விட்டேன்.

கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார். விளையாட்டுகள் செய்கிற கம்பெனி. என் விளையாட்டை அங்கே எல்லோரும் ஆடுவதாகச் சொன்னார். நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். என்ன படித்தேன், எத்தனை வருட அனுபவம் என்றெல்லாம் பதில் தயார் செய்துகொண்டிருக்கும்போதே, “அந்த சரக்குக் கப்பல் ஓட்டுறவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார். போனை அவளிடம் கொடுத்துவிட்டு, மோட்டார் போடுவதாகச் சொல்லி மாடிக்குப் போனேன். தொட்டி நிரம்பி வழியும்வரை அங்கேயே நின்றேன்.

அந்தக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. பள்ளி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே அவர்களுக்குக் கப்பல்கள் வடிவமைக்கத் தொடங்கினாள். ஊரில் மாமனார் எல்லோரிடமும், மகள் ராக்கெட் ஆபீஸில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. ‘மாப்பிள்ளைதான் சொல்லிக் கொடுத்தாக’ என்று அவர் சேர்த்துச் சொன்னபோதுதான் எரிச்சலாக வந்தது, அது உண்மையில்லை என்பதால்.

அவள் செய்த முதல் கப்பலை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். ஒரு மத்தியானம் முழுக்க அதில் குறை தேடினேன். கடைசியில் கிடைத்தது: வலப்பக்கம் கீழிருந்து வந்தால் அந்தக் கப்பலால் திருப்பிச் சுட முடியாது. சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு சொன்னேன்.

“தெரிஞ்சுதாங்க விட்ருக்கேன்,” என்றாள். “எதுத்தாப்ல ஆடுறவுகளுக்கும் ஒரு வழி வேணும்ல.”

மறுநாள் நான் செய்த கப்பல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எதிராளிக்கு எங்கெல்லாம் வழியை அடைத்து வைத்திருக்கிறேன் என்று பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் அவள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்பது காதில் விழாமலிருக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.