சைக்கிள் பிடித்து நின்றவர்

கிராம உதவியாளர் வேலைக்குச் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். உள்ளூரில் அரசு வேலை என்றால் கைக்குழந்தையைப் பிரிய வேண்டாம் என்று நானும் போயிருந்தேன். திருப்பத்தூர் தாலுகா அலுவலக வாசலில் நரைத்த மீசைக்கார ஊழியர் ஒருவர் சைக்கிளைப் பிடித்து நின்றார். ஒவ்வொருவர் ஏறுமுன்பும் டயரை அமுக்கிப் பார்ப்பார்.

“என்ன படிச்சிருக்கீக?”

“பி.இ., மெக்கானிக்கல்.”

“அப்பச் செயின் கழண்டா நீங்களே மாட்டிக்கிருவீக!”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஓட்டி முடித்து இறங்கியதும் குரலைத் தாழ்த்தினார்.

“உள்ள கேட்டா பத்தாவதுன்னு மட்டும் சொல்லுங்க தாயி. பெரிய படிப்புன்னா நெலச்சு நிக்க மாட்டீகன்னு கழிச்சு விட்ருவாக.”

நேர்காணலில் அப்படியே சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. கிடைத்தவள் எம்.இ. படித்தவளாம். அவளிடம் அவர் என்ன சொல்லி அனுப்பினாரோ?