நாகலூர் பஸ்ஸில் இரண்டு முறை சொன்ன சொற்கள்

"ஞாயிறு காலை. அடிவாரம் தாண்டியதும் மூடுபனி. கைபேசியில் வழி சொல்லும் பெண் ஏற்காட்டை 'யெர்காட்' என்றாள். யாரும் மறுக்கவில்லை."

போன வாரம் என் பாக்கெட் டைரியில் நான் எழுதிய குறிப்பு இது. எங்கே போனாலும் நாள், வேளை, இடம் மூன்றையும் எழுதிவிடுவேன். வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும். அன்று எழுதி முடித்த பிறகு அந்தக் கடைசி வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஆட்கள் இருந்தோம். அந்தப் பெண் இன்னொரு தடவை 'யெர்காட்' என்றாள். ஓட்டுகிறவர் சொன்னபடி திரும்பினார், அவ்வளவுதான்.

மேலே ஏற ஏற, ஜன்னல் வழியே காப்பிப் பூ வாசனை வந்தது. முதல் மழைக்குப் பிறகு தோட்டமெல்லாம் வெள்ளையாக நிற்குமே, அந்தச் சில நாட்களின் வாசனை. மல்லிகை மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு மட்டும் அதில் எப்போதும் கொஞ்சம் டீசல் கலந்திருக்கும். நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் காலை பஸ்ஸில்தான் நான் அதை முகர்ந்து பழகினேன்.

நான் அப்போது ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் கம்பெனி ஆபீசில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. அந்த பஸ் ஒரு தினுசானது. அதில் இங்கிலீஷ் சொற்களுக்கு இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சிக்கு நர்ஸம்மா தலைவி. மிஷன் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு சிஸ்டர்களிடம் வேலை பழகியவர். இன்னொரு கட்சி ஒரு எஸ்டேட்டின் ஸ்டோர்க்காரருடையது. ராத்திரியில் சிற்றலை ரேடியோவைத் திருகித் திருகி வெளிநாட்டுச் செய்தி கேட்பவர். இருவரும் ஒரே சீட்டில்தான் உட்காருவார்கள். தள்ளி உட்கார்ந்தால் சண்டை போட வசதிப்படாது போலும்.

"ஏனுங்க, அது ஷெட்யூல். எங்க ஆஸ்பத்திரி மதர் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ரேடியோவுல ஸ்கெட்யூல்னுதானுங்க வருது."

"அந்த இரைச்சல்ல உங்க காதுல எது உழுந்துதோ!"

"அப்ப ஸ்கூலையும் ஷூல்னு சொல்லுவீங்களா நர்ஸம்மா?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஷூலுக்குப் போற புள்ளைங்கெல்லாம் முன்னால வாங்க" என்பார்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. தைரியம் இல்லை என்பதே சரி. 'வெட்னஸ்டே' என்று நடுவில் ஒரு எழுத்தையும் விடாமல் உச்சரித்து, ஒரு காலை முழுவதும் இரண்டு கட்சிக்கும் நான் பொதுச் சொத்தாக இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு புதன்கிழமையைத் தமிழிலேயே சொல்லிவந்தேன்.

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் ரூபியும் அதே பஸ்தான். அவள் அப்பா எஸ்டேட் லாரி டிரைவர். அந்த வருஷக் காப்பிப் பறிப்பு தொடங்குவதற்கு முன் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு வீடு அவர்களுக்கு இல்லை. அந்தச் சமயத்தில் பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேண்டும் என்று பேப்பரில் வந்தது. ரூபி மனுப் போட்டாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இதை அவள் பஸ்ஸில் சொல்லியிருக்கவே கூடாது.

மறுநாளிலிருந்து பஸ்ஸே அவளுக்குப் பாடம் எடுத்தது. ஹோட்டலில் நாமே எடுத்துப் போட்டுச் சாப்பிடும் விருந்தை நர்ஸம்மா 'புஃபே' என்றார். ஸ்டோர்க்காரர் 'பஃபே' என்றார். பின்சீட்டிலிருந்து ஒருவர் 'பஃபெட்' என்று தனிக்கட்சி தொடங்கினார். ரூபியின் சங்கடம் யாருக்கும் புரியவில்லை. நன்னடத்தைச் சான்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது நர்ஸம்மா. பெங்களூரில் தங்க இடம் கொடுப்பது ஸ்டோர்க்காரரின் தங்கை. யார் மனதையும் நோகடிக்க முடியாது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். "ஷெட்யூல் ஸ்கெட்யூல்." "புஃபே பஃபே." இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி, மூச்சு விடாமல்.

பஸ்ஸுக்கு இது பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் எல்லோரும் அப்படியே பேசினோம். யாரோ ஒருவர் 'ஆஃபன்' என்றால் 'ஆஃப்டன்' என்பதை மரியாதைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவோம். சண்டை குறைந்தது. நேரம்தான் கூடுதலாகப் பிடித்தது.

நேர்முகம் முடிந்து வந்த அன்று ரூபி ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மாதான் மெல்லக் கேட்டார், "என்ன கண்ணு, எப்படி ஆச்சு?"

"பக்கத்து ரூம்ல இருந்து போன்ல பேசச் சொன்னாங்க நர்ஸம்மா. பழக்கத்துல எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லிட்டேன். அந்தப் பக்கம் இருந்த சார், லைன்ல ரெண்டு பேரு இருக்கீங்களான்னு கேட்டாருங்க."

முதலில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பூ உதிர்ந்தது. செடிகளில் பச்சைக் காய் பிடித்தது. பெங்களூரிலிருந்து தகவல் இல்லை. நர்ஸம்மா ஒருநாள், "அரைகுறை ரேடியோவைக் கேட்டுட்டு புள்ள வாழ்க்கையக் கெடுத்தாச்சு" என்றார். ஸ்டோர்க்காரர் எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பஸ்ஸில் இன்ஜின் சத்தம் மட்டுமே கேட்டது. ரூபியின் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கே கொண்டுபோவது என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு மழைக் காலையில் ஸ்டோர்க்காரர் ஏறினார். முன்சீட்டில் இடம் இருந்தது. ஏனோ பழைய இடத்துக்கு வந்து, நனைந்த குடையை மடக்கிக்கொண்டு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. வெளியே சில்வர் ஓக் மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் தெரிந்தன.

நர்ஸம்மா முன்னால் பார்த்தபடியே சொன்னார், "இன்னைக்கு உங்க ஸ்கெட்யூல் எப்படிங்க?"

ஸ்டோர்க்காரர் குடைக்கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நம்ம ஷெட்யூலுக்கு என்னங்க, நொம்ப சாதாரணம்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்தப் புள்ள ஊட்டுச் சாமானுக்கு எங்க ஸ்டோர்ல ஒரு மூலை ஒதுக்கி வச்சிருக்கேன். வெளிய சொல்லாதீங்க" என்றார். சீட்டுக்குப் பின்னால் இருந்த எனக்கும் ரூபிக்கும் நன்றாகவே கேட்டது. அவள் சேலைத் தலைப்பை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

அந்த மூலை தேவைப்படவில்லை. மழை ஓயும் முன்பே ஆபீஸ் டெலிபோன் அடித்தது. எடுத்தவன் நான். பெங்களூர் ஹோட்டலிலிருந்து, ரூபியை உடனே வந்து வேலையில் சேரச் சொன்னார்கள். ஏன் இத்தனை நாள் தாமதம், இரண்டு தடவை சொன்னது உதவியதா, கெடுத்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றைய தேதியையும் நான் குறிக்கவில்லை. தேதிப் பைத்தியமான எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. அவர்கள் குடும்பத்தோடு லாரியில் மலை இறங்கியபோது காப்பிக் காய் சிவக்கத் தொடங்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது அந்தக் காலை பஸ்ஸில் பாதிப்பேர்தான். மற்றவர்கள் இருசக்கர வண்டிகளில் போகிறார்கள். பஸ்ஸில் இருப்பவர்களும் காதில் எதையாவது செருகியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கைபேசியைக் கேட்கிறார்கள், அது ஒரு தடவை சொல்கிறது, பேச்சு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் தோற்றுப்போகும் சுகம் யாருக்கும் மிச்சமில்லை. நர்ஸம்மா இல்லை, ஸ்டோர்க்காரரும் இல்லை. பெங்களூரில் அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் இன்று வேறு கட்டடம் நிற்கிறது.

அந்த ஹோட்டலை இடிப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால், வேறு வேலையாக அங்கே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். வயது கூடிய, தெளிவான குரல். சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று, தேவையே இல்லாமல் கேட்டேன். "புஃபே" என்றாள். நான் காத்திருந்தேன். அவள் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். பெயர் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். அது ரூபிதானா என்பதை இன்றுவரை நான் உறுதி செய்துகொள்ளவில்லை.