எட்டாவது பெயர்

ஏழாவது பெயரோடு கர்னல் குலேத் நின்றுவிட்டார்.

வேலமரத்தடியில் யாரும் அசையவில்லை. மறுநாள் வாக்குப்போடப் போகிற ஐம்பத்தொரு பேரும் அங்கே இருந்தார்கள். கல்காயோ ஊரில் அவர்கள் குலத்துக்குப் பாராளுமன்றத்தில் ஒரே இடம். அதற்குக் கர்னலை எதிர்த்து நின்ற எண்ணெய் வியாபாரி லிபான்தான் கிளப்பிவிட்டான்: "இவரு நம்ம ஆளுதானா? இருபது தலைமுறை முன்னோர் பேரையும் ஒப்பிக்கட்டும்." ஏழு வயதுப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பது அது. தவறினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவதாகக் குலத்தலைவர் தூப் சொல்லியிருந்தார்.

நான் கர்னலின் தங்கை புருஷன். வேறு குலம். எடுத்துக்கொடுக்க எனக்குத் தெரியாது.

பட்டாளத்தில் அவர் இருபத்திரண்டு வருடம். அப்போதிருந்த ராணுவ ஆட்சியில் குலத்தைச் சொல்வதே குற்றம். மற்ற அதிகாரிகள் வெளியே சட்டம் பேசி, வீட்டில் முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் சட்டத்தை நம்பினார்.

"நம்பர் போட்டுச் சொல்லுங்க கர்னல். பட்டாளத்துல நம்பர்தானே!" என்றான் லிபான். சிரித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"என்னைத் தெரியுதா?"

"சமதர். மூணாவது பீரங்கிப் படை."

"சோத்து வரிசையில என் குலத்தைச் சொன்னேன். பதினாலு நாள் வெயில்ல நிக்கவச்சே. எட்டாவதுலேருந்து உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே ஆளுங்கதான். தெரியலன்னு என்கிட்ட கேளு, சொல்றேன்."

எடுத்துக்கொடுப்பதைத் தூப் தடுக்கவில்லை.

"சொல்லு" என்றார் கர்னல்.

"அது உத்தரவு. கேளு."

 எனக்கு ஒரு பயம். சமதர் பொய்ப்பெயர் கொடுத்தாலும் கர்னல் அதைத்தான் சொல்வார். அத்தோடு முடிந்தது.

"சமதர், எனக்குத் தெரியல. சொல்லிக்குடு."

"காதுல விழல."

"சொல்லிக்குடுப்பா."

சமதர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ ஒட்டகம் கத்தியது.

"ஷிர்வா" என்றான்.

"ஷிர்வா" என்றார் கர்னல், தூப்பின் முகத்தைப் பார்த்தபடி. தூப் தலையசைத்தார். அதற்குமேல் சமதர் ஒவ்வொன்றாகச் சொல்ல, கர்னல் பின்னாலேயே சொன்னார். இருபதும் முடிந்தது.

மறுநாள் காலை வாக்கெடுப்பு நடந்தது. கர்னலுக்கு இருபத்தொன்பது, லிபானுக்கு இருபத்திரண்டு. லிபானுக்குப் போட்டதாகச் சமதரே எல்லோரிடமும் சொன்னான். மதியம் சோறும் ஒட்டகக்கறியும் வாழைப்பழமும். தலைநகருக்குப் போகும் நாலு மணி விமானத்துக்குக் கர்னலை நான் கொண்டுபோய் விட்டேன்.