இனி கேட்க வேண்டாம்

உமாதேவியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி ஒரகடம் தொழிற்பேட்டையில் இன்னொருத்தி இருந்தால் காட்டுங்கள். லிப்டில் தனியாக ஏற மாட்டாள். ஏடிஎம் இயந்திரம் அட்டையைத் திருப்பித் தரும்வரை மூச்சு விட மாட்டாள். கணவர் போன பிறகு காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்கு வந்து, பிரேக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலையில் சேர்ந்தவள். இத்தனை வருஷமும் காண்டிராக்ட்தான். அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று சூப்பர்வைசர் வெங்கட்ரமணன் சொன்ன நாளிலிருந்து, அதற்குள் எதையாவது கெடுத்துத் தொலைத்துவிடுவோமோ என்று தூக்கமே போய்விட்டது அவளுக்கு.

அவளுடைய பயங்களிலேயே பெரியது பேக்கிங் மேசையிலிருந்த கம்ப்யூட்டர். எல்லா ஷிப்டுக்கும் அது ஒன்றுதான், பாஸ்வேர்டும் ஒன்றுதான். கார் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து ஒரு எண்ணை அழுத்தினால், அட்டைப் பெட்டியில் ஒட்ட வேண்டிய லேபிள் வரும். அந்த லேபிள் கோப்பைத் திறந்து காட்ட பிரவுசருக்குத் தெரியாது. தனக்குத் தெரியாததைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடும் குமாஸ்தா மாதிரி, லேபிள் அடிக்கும் மென்பொருளிடம் அதைக் கொடுத்துவிடும். அதுவோ வாங்கின கையோடு அடித்துத் தள்ளிவிடும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் பிரவுசர் ஒரு கட்டத்தைக் காட்டி, இன்ன பெயருள்ள கோப்பு, இதில் திறக்கட்டுமா என்று கேட்கும்.

ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தாலே உமாதேவிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அன்று மதியம் ஷிப்டு முடிகிற நேரத்தில், கட்டத்தின் அடியில் ‘இனி கேட்க வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பக்கத்திலேயே டிக் போட ஒரு சின்னச் சதுரம். யாரையாவது கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். போட்டுவிட்டாள். அடுத்த லேபிள் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து விழுந்தது. சனி விட்டது என்று கம்பெனி பஸ் ஏறினாள்.

பாதி வழியில் போன் வந்தது. அடுத்த ஷிப்டில் அதே மேசைக்கு வரும் செல்லக்கனி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

“யக்கா, அந்தக் கேள்வி இன்னைக்கு வரவே இல்ல. அமுக்குன உடனே லேபிள் வந்துட்டு. கம்ப்யூட்டரே பாத்து அடிக்கிற மாதிரி மாத்திட்டாவ போல.”

உமாதேவிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இணையப் பக்கத்தில் வெறும் எண்கள்தான் இருக்கும். எது இடப்பக்கக் குழாய், எது வலப்பக்கக் குழாய் என்பது அந்தக் கட்டத்தில் வரும் பெயரில்தான் தெரியும். உமாதேவி அடித்த லேபிளைக் கையில் எடுத்துப் பார்ப்பவள். மற்ற ஷிப்டுக்காரர்கள் கட்டத்தையே நம்பினார்கள். ஏதாவது ஒரு எண்ணை அழுத்துவது, பெயரைப் பார்ப்பது, வேறாக இருந்தால் வேண்டாம் என்று மூடிவிட்டு அடுத்ததை அழுத்துவது. யாரும் சொல்லிக்கொடுக்காத பழக்கம் அது.

“இன்னா பார்ட்டு ஓடுது இப்போ?”

“ரைட்டுக்கா. வண்டியில ஏத்தியாச்சு.”

“லேபிள்ல இன்னா போட்டுகீது, பாரு.”

செல்லக்கனி வண்டிக்கு ஓடும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, லெப்ட் என்றாள் செல்லக்கனி. சிரிப்பைக் காணோம்.

இரண்டு குழாயும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வளைவில்தான் வித்தியாசம். மாற்றி மாட்டினால் சக்கரத்தில் உரசி உரசி ஒருநாள் அறுந்துவிடும். பயிற்சியில் அறுந்த குழாயின் படம் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அந்தப் படம் இப்போது கண்ணைவிட்டுப் போகவில்லை. கார் கம்பெனியில் லேபிளைப் பார்த்துத்தான் மாட்டுவார்கள். வண்டியை நிறுத்தச் சொல் என்று செல்லக்கனியிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸை நிறுத்தி இறங்கி, எதிரே வந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். வழியெல்லாம் சாமி பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது வண்டி கேட்டருகே நின்றது. அட்டைப் பெட்டிகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெங்கட்ரமணன் முன்னால் செல்லக்கனி தலைகுனிந்து நின்றாள்.

“பேரைப் பாக்காம எப்படிம்மா அடிச்ச? நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்.”

கட்டம் வரவே இல்லை என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. இவ்வளவு நாள் வந்தது இன்றைக்கு மட்டும் எங்கே போகும் என்றார்.

உமாதேவி வாயைத் திறக்காவிட்டால் போதும். டிக் போட்டது யார் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது. நிரந்தர வேலை, மகளின் காலேஜ், எல்லாம் அப்படியே இருக்கும். செல்லக்கனியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“நான்தான் சார். இனிமே கேக்க வேணாம்னு அதுல டிக் போட்டுட்டேன்.”

போடுவதற்கு முன்னால் யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா என்றார் அவர்.

“கேக்கவும் பயமா இருந்துச்சி சார்.”

அவர், நிரந்தரம் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, செல்லக்கனியை உள்ளே போகச் சொன்னார். அந்தப் ‘பிறகு’ இன்றுவரை வரவில்லை.

மறுநாள் காலை, டிக்கை எடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள். உமாதேவி எண்ணை அழுத்தினாள். கட்டம் வரக் கொஞ்சம் தாமதமானது. அதற்குள் செத்துப் பிழைத்தாள். வந்ததும், விரலை வைத்துப் பெயரை இரண்டு தரம் படித்தாள்.