சும்மா வந்த கோழி எரு

தென்னையெல்லாம் சாய்ந்த புயலுக்கு அடுத்த வருஷம் அது. எங்கள் முருங்கை மரமும் அந்தப் புயலில்தான் போனது; அது கிடக்கட்டும்.

சம்பா நாற்றங்காலுக்கு எரு இல்லை. கோடையில் வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர் அந்த வருஷம் வரவில்லை. அடுத்த ஊர்க்காரர்கள் கலைத்துவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

"எங்க அண்ணன் எருக்குழியில மக்குன சாணி கெடக்கு. கேட்டா குடுக்கும்" என்றாள் மனைவி.

கொடுப்பார். கொடுத்துவிட்டு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கேட்கவில்லை.

அப்போதுதான் வலங்கைமான் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது.

"பெரியவரே, ஒரு லோடு கோழி எரு. சும்மா எடுத்துக்குங்க" என்றான் டிரைவர்.

"சும்மா குடுக்க நான் என்ன உன் மாமனாரா?"

"அவருக்குக் குடுத்தா நாத்தம்னு திட்டுவாருங்க."

செத்த கோழி இருக்குமோ, கண்ணாடி இருக்குமோ என்று மண்வெட்டியால் கிளறினேன். உமியும் இறகும்தான். களத்தில் கொட்டச் சொன்னேன்.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் மனைவி குவியலுக்குள் கையை விட்டாள்.

"அடுப்பாட்டம் சுடுதுங்க. ஆறி மக்கட்டும், இப்ப போடாதீங்க."

"உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தாரா?"

அவள் கை கழுவப் போனாள். நான் அன்றைக்கே எருவை இறைத்து, முளைகட்டிய விதையைத் தெளித்தேன்.

பத்தாம் நாள் நாற்று மஞ்சளாகி நுனி கருகியது. பிறகு திட்டுத்திட்டாகச் செத்தது. மறுபடி விதைத்தால் பருவம் தப்பிவிடும். நாற்று இல்லையென்றால் அந்த வருஷம் எங்களுக்குச் சம்பாவே இல்லை. வேறு வழியில்லாமல் மச்சான் வரப்பில் போய் நின்றேன்.

"வாங்க மாப்ள. கோழி எப்படி, முட்டை போடுதா?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க மச்சான்."

"நாத்து மிச்சம் இருக்கு. பறிச்சுக்குங்க."

ஒரு வருஷமும் மிச்சம் வைக்காத மனிதர். அந்த வருஷம் மட்டும் எதற்குக் கூடுதலாக விதைத்தார்? சுட்ட கையோடு இவள் நேரே அங்கேதான் போயிருக்கிறாள். கேட்டால் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.

மிச்ச எருவை வைக்கோலோடு கலந்து, அவ்வப்போது புரட்டிப் போட்டேன். தை முடிகிற வரை கிடந்தது. சூடும் நாற்றமும் போய்க் கறுத்து, மண் வாசனை வந்தது. அதைப் போட்ட இடத்தில் உளுந்து நன்றாகவே வந்தது.

அந்த டிரைவர் இன்னும் இந்தப் பக்கம் சுற்றுகிறான். உங்கள் ஊரிலும் வந்து நின்றால் செத்த கோழியைத் தேட வேண்டாம், முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்றங்கால் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்லுங்கள். என் மச்சானிடம் மட்டும் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.