ஒரு நாள் சாவி

துபாயில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. காலையில் வெளியே தலையைக் காட்டினால் மண்டை காய்ந்துவிடும். ஆனால் பால்கனியில் ஒரு வேட்டியைக் காயப்போட்டுப் பாருங்கள், அபராதம் போட்டுவிடுவார்கள். கட்டடத்தின் அழகு கெட்டுப்போகிறதாம். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் ஊரில் காவேரிக்கரைப் புல்லின்மேல் விரித்துவிட்டு, இரண்டு முங்கு போட்டு எழுவதற்குள் துணி மொடமொடவென்று காய்ந்திருக்கும். இங்கே கொட்டுகிற வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டு, கரண்டைச் செலவழித்து மெஷினுக்குள் போட்டு உலர்த்துகிறார்கள். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய லாண்டரிகளுக்கு வேனில் போய், மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். அந்த வெள்ளை விரிப்பில் படுக்கிறவருக்கு அதை மடித்த கை தெரியாது. எனக்குத் தெரியும், அந்தக் கைகளுக்கெல்லாம் சோறு போட்டவன் நான்தான்.

பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் பண்ணையாள் வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட சவரிமுத்து, இன்றைக்கு இந்த ஊரில் இரண்டு சமையற்கூடங்களுக்கு முதலாளி. படித்த பிள்ளைகள் என்னிடம் கணக்கு எழுதுகிறார்கள். இந்த ஊருக்கு வந்த காலத்தில் அண்டா கழுவினேன். அப்போது என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிய முதலாளி, என் தகப்பனார் சாவுக்குக்கூட அதைத் தரவில்லை. அதனால் என் சமையற்கூடத்தில் ஒரே சட்டம்: அவனவன் பாஸ்போர்ட் அவனவன் பெட்டியில். யாராவது "நீங்களே வச்சுக்கங்கண்ணே, பத்திரமா இருக்கும்" என்று நீட்டினால் திட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். எலன் மேடம் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கியது அதற்குத்தான்.

எலன் மேடம் யாரென்று சொல்கிறேன். நாங்கள் சாப்பாடு கொடுக்கிற பெரிய ஓட்டல் கம்பெனி சீமையில் இருக்கிறது. அங்கே இப்போது ஒரு சட்டமாம். ஓட்டலுக்குள் அடிமை வேலை இருக்கக்கூடாது. ஓட்டலுக்குச் சோறு கொடுக்கிறவன், துணி துவைக்கிறவன், காவலுக்கு ஆள் அனுப்புகிறவன், இவர்கள் இடத்திலும் இருக்கக்கூடாது. அதைச் சோதிக்க அனுப்பப்பட்டவர் இவர். நல்ல மனுஷி, முப்பது வயதுக்கு மேல் இருக்காது. என் இடத்தைப் பார்த்த மறுநாள் லாண்டரிக்குப் போனார். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். என்ன மொழி? இந்தி! இந்தியாக்காரர்கள் என்றால் இந்தி என்று எவரோ முடிவு செய்துவிட்டார்கள். லாண்டரியில் இருந்தவர்கள் பூராவும் திருக்காட்டுப்பள்ளி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் ஆட்கள். இந்தியில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார்கள். நான் மதியச் சாப்பாட்டு வேனோடு போய் இறங்கியபோது மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். விடுவேனா? "மேடம், ஐ ஸ்பீக். தமிழ் மை லாங்குவேஜ்" என்று முன்னால் போய் நின்றேன்.

முதலில் கூப்பிட்டது அந்தோணியை. இருபத்தெட்டு வயதிருக்கும், இஸ்திரி மெஷினில் வேலை. பக்கத்திலேயே மேனேஜர் பாஸ்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனும் நம் பட்டுக்கோட்டைப் பக்கம்தான்.

"எந்த ஊரு தம்பி?" என்று ஆரம்பித்தேன்.

"திருக்காட்டுப்பள்ளி பக்கங்க. ஒங்க ஊருக்கு அடுத்த ஊருதாங்க."

"அட, நம்ம பய. கல்யாணம் ஆயிருச்சா?"

"ரெண்டாம் ஓலை வாசிச்சாச்சுங்க."

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை எல்லார் முன்னிலையிலும் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. இரண்டு வாசித்தாயிற்று என்றால் கல்யாணம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளை இங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான்.

"அப்புறம் ஏன்டா இன்னும் இங்க நிக்கிற? எப்பப் போற?"

அவன் பாஸ்கரை ஒரு பார்வை பார்த்தான். "மொதலாளி அனுப்புனாப் போவேங்க. நமக்கு இங்க ஒரு கொறையும் இல்லைங்க."

என்ன சொல்கிறான் என்று மேடம் கேட்டார். "ஹி சே மேரேஜ். நோ கம்ப்ளெயின்ட்" என்றேன். அவன் சொன்னதைத்தானே சொல்ல வேண்டும். மேடம் முகம் மலர எழுந்து, "கங்ராஜுலேஷன்ஸ்!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தோணி அழுகிறவனைப்போலச் சிரித்தான். அடுத்து பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். எல்லாரும் சட்டைக்குள்ளிருந்து சாவியை இழுத்துக் காட்டினார்கள். சுவரோரமாகப் புத்தம்புது இரும்பு லாக்கர்கள், ஆளுக்கொன்று. திறந்தால் உள்ளே பாஸ்போர்ட். அந்தோணி தன் சாவியை, மாதா படத் துணி கோத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்து இறுக்கி முடிந்து கழுத்தில் போட்டிருந்தான். மேடத்துக்குத் திருப்தி. காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குத்தான் அந்த 'ஒரு கொறையும் இல்லைங்க' தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. அதை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் பண்ணையில் இரண்டு மரக்கால் இருந்தன. கூலி நெல் அளக்க ஒன்று, நெல் குறைவாகப் பிடிக்கும்படி அடிக்கட்டையை உயர்த்தியது. சர்க்கார் ஆள் விசாரிக்க வருகிற நாளில் மட்டும் இன்னொன்று வெளியே வரும், முத்திரை போட்ட சரியான மரக்கால். பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் அன்றைக்குச் சிரித்த முகமாக அளப்பார். அதிகாரி என் தகப்பனாரைக் கேட்டார், "என்னப்பா, ஏதாவது குறை உண்டா?" வரப்பில் காரியக்காரர் நிற்கிறார். "அவுக சோத்தத் திங்கிறோம், ஒரு கொறையும் இல்லைங்க" என்றார் என் தகப்பனார். ஜீப் வாய்க்கால் தாண்டுவதற்குள் பழைய மரக்கால் திரும்பி வந்துவிட்டது. பயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சோறு போட்டவனை அவன் முகத்துக்கு நேரே, அதுவும் அன்னியர் முன்னால், குறை சொல்வது எங்கள் ஆட்களுக்கு வாயில் வராது. இஸ்திரி மெஷின் வந்தாலும் அது மாறவில்லை.

காலி அண்டாக்களை எடுக்க உள்ளே போனேன். பாஸ்கர் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டிக்கொண்டு வரிசையாக வந்தான். ஒவ்வொருவரும் சாவியைக் கழற்றி அதில் போட்டார்கள். டின்னில் சாவி விழுகிற சத்தம்தான் கேட்டது.

"என்ன பாஸ்கரு இது?"

"ஆடிட்டு முடிஞ்சிருச்சுல்லண்ணே. இவனுங்ககிட்ட விட்டா தொலைச்சிருவானுங்க. கான்ட்ராக்ட் முடியாமயே ஊருக்கு ஓடிருவானுங்க. மொதலாளி சொல்லிருக்காரு."

அந்தோணியின் முடிச்சு அவிழவில்லை. பாஸ்கர் பிடித்து இழுத்துப் பார்த்தான். துணி வெட்டுகிற கத்தரியை எடுத்துக் கயிற்றை வெட்டினான். சாவி டின்னுக்குப் போயிற்று. உத்தரியம் ஈரத்தரையில் விழுந்தது. "அத மட்டும் எடுத்துக்கிறேங்க" என்று குனிந்தான் அந்தோணி.

பாஸ்கரிடம் நியாயம் பேசியிருக்கலாம். பேசினால் டின் முதலாளி வீட்டுக்குப் போய்விடும், நானும் வாசலைத் தாண்ட முடியாது. கடவுள் எனக்குப் படிப்பைக் கொடுக்கவில்லை, மூளையைக் கொடுத்திருக்கிறார். பாஸ்கர் முன்னாலேயே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், யூ நோ ஈட். கம் பேக்."

"ஓ, யூ ஆர் ஸோ கைண்ட். நெக்ஸ்ட் டைம்."

"நோ நெக்ஸ்ட் டைம். நவ். இன் மை பிளேஸ் நோபடி கோ வித்தவுட் ஈட். ஐ வெரி சேட்."

பாஸ்கர் சிரித்தான். "அண்ணன் வெள்ளைக்காரிக்கும் சோத்த ஊட்டாம விடமாட்டாரு போல." மேடமும் அப்படித்தான் நினைத்திருப்பார். பாவம் கிழவன் மனம் நோகக்கூடாதே என்று காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். தட்டை எதிர்பார்த்து வந்தவரை நேராக லாக்கர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அந்தோணி, ஒம் பெட்டியத் தொற."

அவன் வெறும் கையோடு நின்றான். பாஸ்கர், "அண்ணே, வேணாண்ணே" என்றான். மேஜைமேல் இருந்த டின்னை எடுத்து மேடம் கையில் கொடுத்தேன். "ஒன் டே கீ, மேடம். யூ கோ, கீ கோ." மேடம் டின்னுக்குள் பார்த்தார். பிறகு அந்தோணியின் கழுத்தைப் பார்த்தார். கயிறு இழுபட்ட தடம் சிவந்திருந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போன வேகத்தை நான் மறக்கமாட்டேன்.

மேடம் பாஸ்கரை வெளியே அனுப்பிவிட்டு, போனில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்து, ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்தார். அப்போதுதான் வாய்கள் திறந்தன. வாசல் வெளிப்பக்கம் பூட்டப்படுவது, கோயிலுக்குக்கூட விடாதது, சம்பளம் பாக்கி நிற்பது எல்லாம் வந்தது. பாஸ்போர்ட்கள் அன்றே கைக்கு வந்தன. மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணி ஊரில் இறங்கிவிட்டான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வெறும் பெருமைக்காகவே எழுதியிருப்பேன். சீமைக் கம்பெனி அந்த லாண்டரியோடு கணக்கை முறித்துக்கொண்டது. தகவல் சொல்ல மேடமே போன் செய்தார். "ஜீரோ டாலரன்ஸ்" என்றார். ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்து நானும் "தேங்க்யூ" என்றுவிட்டேன். ஓட்டல் துணி வரவில்லை, மெஷின் நின்றது, முதலாளி வேறு நாட்டுக்குப் போய்விட்டான். சம்பளப் பாக்கிக்கு யாரைப் பிடிப்பது? மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன்: "மேடம், லாண்டரி யூ லீவ். மென் வேர் கோ?" பாக்கியைக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்குத் தாமே எழுதியதாகவும், அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் இனி அரசாங்கம்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றும் மேடம் சொன்னார். என் சமையற்கூடத்தில் முடிந்தவரை சேர்த்துக்கொண்டேன். மற்றவர்கள் வெறும் பையோடு ஊர் திரும்பினார்கள்.

கம்பெனியில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். தப்பைக் கண்டுபிடித்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். கூலிக்காரன் பாக்கியை வாங்கிக் கொடுக்கிற வரைக்கும் அங்கேயே உட்காருங்கள். மேற்பார்வைக்காரனைப் பக்கத்தில் வைத்துக் குறை கேட்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: எவன் பத்திரமாக வைக்கிறேன் என்று கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

சில வாரம் தள்ளிப்போய் நடந்த அந்தோணி கல்யாணத்துக்கு நான் விமானம் ஏறிப் போனேன். கோயிலில் அவன் அம்மா என் காலில் விழப்போனாள். பந்தியில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். வலது பக்கம் பெண்ணின் தகப்பனார். "நீங்க இல்லன்னா எம்பொண்ணு பேரு ஓலையில வாசிச்சதோட நின்னுருக்குமுங்க. அண்ணனுக்கு இன்னும் கறி வையிடா" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். இடது பக்கம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அதே லாண்டரியிலிருந்து வெறுங்கையோடு வந்த பிரான்சிசின் தகப்பனார் சூசை. என்னோடு நாற்றுப் பறித்த ஆள்.

"சூசை, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேங்க" என்றார். என்னை வாங்க போங்க என்று அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "எம்மவன் சம்பளம் வருமுங்களா?"

"மேடத்துக்குச் சொல்லிருக்கேன். பாப்போம்."

"இவன் ஒருத்தன் கல்யாணத்துக்கு எல்லா அடுப்பையும் அணைச்சிட்டீங்களே. இன்னும் கொஞ்ச நாளு பூட்டிக் கெடந்தாலும் முழுசா வாங்கிட்டு வந்திருப்பானுங்க."

"மனுசனப் பூட்டி வக்கலாமா சூசை?"

"நீங்க சோத்துக்குக் கவலையில்லாத ஆளு. கேப்பீங்க."

அவர் இலையில் அப்போதுதான் சோறு வைத்திருந்தார்கள், ஆவி பறந்தது. ஒரு பருக்கை தொடாமல் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார். பரிமாறிக்கொண்டு வந்த பெண்கள் அந்த இலையைத் தாண்டி நடந்தார்கள். பெண்ணின் தகப்பனார் என் இலையில் மறுபடி கறியை அள்ளி வைத்து, "சாப்புடுங்கண்ணே, ஆறிடப்போவுது" என்றார். என் வலது கை சோற்றில் இருந்தது. எழுந்து சூசை பின்னால் போவதா, உட்கார்ந்து உண்பதா என்று தெரியவில்லை. என் ஊர்ச் சோறு, என் ஊர்ப் பந்தி. பிசைந்த கவளத்தை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன்.